இரண்டு வண்டிகளும் ஒரு சர்வீஸ் நம்பரும்

விஷ்ராந்த்வாடி, புனே
11 ஜூன் 2024

ஸ்டீபனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் ஷீலாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன் பண்ணியிருக்கலாம். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வரும், நாலாவதில் நீ வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் கீழே வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும். உன் அட்ரஸை கட்கிக்குப் போய் ஷீலாவின் அம்மாவிடம் வாங்கினேன்.

விஷயம் இதுதான். நான் ஒரு மோட்டார் ஹோம் வாங்கப் போகிறேன். படுக்கை, சமையல் மேடை, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற டீசல் வண்டி. இருபத்திரண்டு பஸ் வைத்திருக்கிறவளுக்கு இன்னொரு வண்டி எதற்கு என்று கேட்பாய். இது வாடகைக்கு இல்லை. உன் மாமா அமல்ராஜுக்கு.

அவருக்குப் போன நவம்பரில் இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்கிறோம். ஒரு நாளைக்கு நாலு தடவை மருந்துத் தண்ணீர்ப் பை மாற்ற வேண்டும். சுத்தமான அறை வேண்டும், ஜன்னல் மூடியிருக்க வேண்டும், அந்த அரை மணி நேரம் ஃபேன்கூட ஓடக் கூடாது. ஹோட்டல் அறைகளை நம்பி எங்கேயும் போக முடியவில்லை. கோர்படி ஷெட்டிலிருந்து முப்பத்து நாலு வருஷம் ரயில் ஓட்டின மனுஷன், ஏழு மாதமாக ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறார். டாக்டரைக் கேட்டேன். இடம் சுத்தமாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார். அப்படியானால் இடத்தையே கூடக் கொண்டுபோய்விடலாமே என்று தோன்றியது.

இரண்டு கம்பெனிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஆல்வெண்டா. இங்கே ஹைவே ஓரம் கண்ணாடி ஷோரூம், உள்ளே எல்லாம் இத்தாலி சாமான். இன்னொன்று குயில் கோச், உங்கள் கரூர்ப் பக்கம்தான் கட்டுகிறார்கள். இரண்டின் விளம்பரப் புத்தகத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். டீசல் வண்டி விஷயத்தில் நான் நம்புகிற வாய் ஒன்றே ஒன்றுதான். அது என்னோடு பேசுவதில்லை. எழுதவாவது எழுது.

அக்கா
பவுன்


கரூர்
20 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாமாவின் உடம்பு பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. ஷீலா படித்துவிட்டு அழுதாள். அவள் அம்மாவுக்குத் தெரிந்தும் சொல்லவில்லை என்பதால் அங்கே இப்போது தனியாக ஒரு சண்டை நடக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குயில் கோச் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிற ஒருவனுடைய கால் மட்டும் தெரிகிற படம் இருக்கும். அந்தக் கால் என்னுடையது. நாலு வருஷமாக அங்கேதான் வேலை பார்க்கிறேன். குயில் நல்லது என்று எழுதினால் முதலாளிக்காக எழுதுகிறான் என்பீர்கள். வேண்டாம் என்று எழுதினால் பழைய கோபத்தில் எழுதுகிறான் என்பீர்கள். ஆகவே வேறு யாரையாவது கேட்பது நல்லது.

இதோடு கவரை ஒட்டப் போனேன். ஷீலா விடவில்லை. "உங்களுக்குப் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு அந்த மனுஷன் ராத்திரி ட்யூட்டி முடிச்சு, தூங்காம நேரா வந்து எங்க வீட்டுல உட்கார்ந்திருந்தார். அவருக்கு நாலு வரி எழுத உங்களுக்குக் கை வரலையா?" என்று கேட்டாள்.

அதனால் ஒரு கேள்வி. இரண்டு புத்தகத்திலும் டீவி எத்தனை அங்குலம் என்று இருக்கிறது. காலி வண்டி எத்தனை கிலோ, மொத்தம் எத்தனை கிலோ வரை ஏற்றலாம் என்பது இரண்டிலும் இல்லை. மாமாவின் மருந்துப் பைகள் மாதத்துக்கு எத்தனை கிலோ வரும்?

ஸ்டீபன்


விஷ்ராந்த்வாடி
1 ஜூலை 2024

ஸ்டீபனுக்கு,

"உங்கள்", "பாருங்கள்", "கேட்பது நல்லது" என்று ஒரே மரியாதை. என்னை ஆர்.டி.ஓ. ஆபீசர் ஆக்கிவிட்டாய். படிக்கும்போது சுருக்கென்றது. பரவாயில்லை, நீ பதில் போட்டாயே.

பைகளைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் மருந்து, அட்டைப்பெட்டியோடு ஒன்பது கிலோ. மாதத்துக்கு இருநூற்று எழுபது. நீ கேட்கும்வரை இது எனக்கு உறைக்கவே இல்லை.

அமல்ராஜ் ஒரு தாளில் ஆறுகளின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். பீமா, கிருஷ்ணா, துங்கபத்ரா, காவிரி. "எல்லாத்தையும் பாலத்து மேல இருபது செகண்ட் பார்த்திருக்கேன். அதையும் பார்த்தேன்னு சொல்ல முடியாது. கண்ணு சிக்னல் மேலதானே இருக்கணும்" என்றார். கோவில், சர்ச், கடல் எதுவும் கேட்கவில்லை. ஆற்றங்கரையில் உட்கார வேண்டுமாம். மனுஷன் கல்யாணமான முப்பது வருஷத்தில் என்னிடம் கேட்ட முதல் பொருள் இது.

அவரை ஆல்வெண்டா ஷோரூமுக்குக் கூட்டிப்போனேன். பட்டனை அழுத்தினால் கட்டில் மேலே போகிறது. கூரையில் நட்சத்திரம் மாதிரி விளக்கு. சமையல் மேடை முழுக்க மார்பிள். அமல்ராஜ் சின்னப் பிள்ளை மாதிரி அந்தப் பட்டனை நாலு தடவை அழுத்தினார். எனக்கும் பிடித்துவிட்டது, மறைப்பானேன். குயில் வண்டி ஒன்றை இங்கே ஔந்தில் ஒரு டாக்டர் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அதையும் போய்ப் பார்த்தேன். கதவு அழகாக மூடுகிறது. மற்றபடி டப்பா.

வேறு யாரையும் கேட்க மாட்டேன். உன்னைத்தான் கேட்கிறேன்.

பவுன்


கரூர்
9 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கதவு அழகாக மூடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த டாக்டரின் வண்டி மூன்று வருஷம் ஓடினது. மூன்று வருஷம் மேடு பள்ளத்தில் குலுங்கியும் கதவு நேராக மூடுகிறது என்றால், அடியில் இருக்கிற சட்டம் முறுக்கிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். இதை முதலாளிக்காகச் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தை வெல்டிங் வைத்தவர்களின் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

மார்பிளைப் பற்றி எனக்குப் பயம். ஆல்வெண்டாவை டீசல் டாங்க், தண்ணீர் டாங்க் இரண்டும் நிரப்பி எடை மேடையில் ஏற்றச் சொல்லுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற மொத்த எடையிலிருந்து அதைக் கழியுங்கள். மிச்சம் இருப்பதில்தான் டிரைவர், மாமா, நீங்கள், மருந்து, அரிசி எல்லாம் அடங்க வேண்டும். கட்டில் மேலே போவது பெரிதில்லை. கரண்ட் இல்லாதபோது கையால் கீழே இறக்க வழி உண்டா என்று கேளுங்கள்.

இன்னொன்று. எந்த வண்டியும் ஒரு நாள் நிற்கும். அன்றைக்கு யார் வருவார்கள் என்பதுதான் கேள்வி. இரண்டு புத்தகத்திலும் இருபத்து நாலு மணி நேர நம்பர் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டுக்கும் போன் பண்ணுங்கள். சோலாப்பூரில் நிற்கிறோம், தண்ணீர் பம்பு ஓடவில்லை, உள்ளே நோயாளி இருக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள். குயில் நம்பரைப் பற்றி நான் ஒன்றும் எழுத மாட்டேன். சம்பளம் வாங்குகிற இடம்.

ஸ்டீபன்


கரூர்
15 ஜூலை 2024

அக்காவுக்கு,

நேற்று மதியம் ஒன்று பத்துக்கு சர்வீஸ் போன் அடித்தது. "குயில் சர்வீஸ், நமஸ்தே" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் "ஹலோ, ஹம் சோலாப்பூர் மே" என்று இந்தியில் தொடங்கி அப்படியே நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒருவர், "என்ன பவுனு, ஆள் கிடைச்சாங்களா?" என்று கேட்டார். போன் வைக்கப்பட்டது.

ஆமாம். குயில் கோச்சின் அகில இந்திய இருபத்து நாலு மணி நேர சர்வீஸ் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நானும் இன்னும் இரண்டு பேரும்தான். ஓசூர் வரைக்கும் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடுவோம். அதைத் தாண்டினால் போனிலேயே வழி சொல்வேன். பாதி நேரம் சரியாகும். மீதி நேரம் மன்னிப்புக் கேட்பேன். இதைத்தான் என் கையால் எழுத முடியாமல் உங்களைப் போன் பண்ணச் சொன்னேன்.

மாமாவின் குரல் மெலிந்துவிட்டது. சரியாகச் சாப்பிடுகிறாரா?

ஸ்டீபன்


விஷ்ராந்த்வாடி
26 ஜூலை 2024

ஸ்டீபனுக்கு,

சாப்பிடுகிறார். உப்பில்லாமல் சாப்பிடுவதால் முகத்தில்தான் சந்தோஷம் இல்லை. உன் குரலைக் கேட்டதும் எனக்கு பம்பு, சோலாப்பூர் எல்லாம் மறந்துபோய்விட்டது. "ஏன் வெச்சுட்டே?" என்று அவர் கேட்டார். "ராங் நம்பர்" என்றேன். "ராங் நம்பருக்கு யாராவது கண்ணைத் துடைப்பாங்களா?" என்றார்.

ஆல்வெண்டாவுக்கும் அன்றைக்கே போன் பண்ணினேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பாட்டுக் கேள். இருபது நிமிஷம் கழித்து ஒரு பெண் புகார் எண் ஒன்று கொடுத்தாள். அதன் பிறகு ஒருவரும் பேசவில்லை. நேற்று ஒரு மெசேஜ் வந்தது. உங்கள் புகார் வெற்றிகரமாகச் சரிசெய்யப்பட்டது என்று. இல்லாத பம்பை எப்படியோ சரிசெய்துவிட்டார்கள்.

எடையும் போட்டாயிற்று. ஷோரூம் பையன் குறுக்கே குறுக்கே வந்தான். "மேடம், இதுவரைக்கும் ஒரு கஸ்டமர்கூட இதைக் கேட்டதில்லை" என்றான். "இப்போ கேட்டுட்டாங்க, சாவியை எடு" என்றேன். ஆளந்தி ரோட்டு எடை மேடையில் ஏற்றினோம். மொத்தம் ஏழாயிரத்து ஐந்நூறு கிலோ போகலாம். ஆள் ஏறாமல், டாங்க் நிரப்பின வண்டியே ஏழாயிரத்து முந்நூற்றுப் பத்து. அமல்ராஜ் சிலிப்பின் பின்பக்கம் கணக்குப் போட்டுவிட்டு, "நாம ரெண்டு பேரும் டிரைவரும் ஏறினாலே ஜாஸ்தி. மருந்தை வீட்டுல வெச்சுட்டுப் போகணும்" என்றார். பட்டன் மேலிருந்த ஆசை அத்தோடு போயிற்று.

அதனால் குயில்தான். ஆனால் சர்வீஸ் இல்லாமல் வாங்க முடியாது. எனவே உன் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். உங்கள் சர்வீஸ் ஆளே மகாராஷ்டிராவில் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்கிறார், புத்தகத்தில் பொய் அச்சடித்திருக்கிறீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் வரட்டும், பார்ப்போம்.

பவுன்


கரூர்
6 ஆகஸ்ட் 2024

அக்கா,

முதலாளி சவரிமுத்து உன் கடிதத்தை ஆபீசில் எல்லார் முன்னாலும் படித்தார். அக்கௌண்டண்ட், பெயின்டர், டீ கொண்டுவருகிறவர் எல்லாரும் இருந்தார்கள். படித்து முடித்து என்னைப் பார்த்து, "இது நீ சொன்னதா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். "உண்மையா?" என்றார். "உண்மை சார்" என்றேன். "வீட்டுக்குப் போ, கூப்பிடுறேன்" என்றார். இன்றைக்கு ஐந்தாவது நாள். கூப்பிடவில்லை.

உன் தம்பியாக உனக்கு மட்டும் எழுதினேன். அதை எடுத்து முத்திரை குத்தி என் முதலாளிக்கே அனுப்பியிருக்கிறாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

இது இரண்டாவது தடவை. கம்பாட்கி மலைப்பாதையில் நம் பஸ் நின்று, கல்யாணக் கூட்டம் முழுவதும் நாலு மணி நேரம் வெயிலில் நின்ற அன்றைக்கும் நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்கியில் நம் பஸ் யார்டில் பதினோரு டிரைவர்கள் முன்னால், "டீசல் பில்டர் மாத்தத் தெரியாதவனுக்கு எதுக்கு ஒர்க்‌ஷாப் சாவி? அப்பா பேரையே கெடுத்துட்டே" என்றாய். சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு மறுநாள் ரயில் ஏறினேன். அன்றைக்கு எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். ஷீலா ஒரு கேள்வி கேட்காமல் கூட வந்தாள். இன்றைக்கும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வண்டியை எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்.

ஸ்டீபன்


விஷ்ராந்த்வாடி
14 ஆகஸ்ட் 2024

தம்பி,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

கம்பாட்கியில் வண்டி நின்றது உன்னால் இல்லை. நீ போன இரண்டாவது மாதம் இன்னும் இரண்டு பஸ்கள் அதே மாதிரி நின்றன. நம் மெக்கானிக் டேனியல் பில்டரைப் பிரித்துக் காட்டினான். அசல் கம்பெனி டப்பா, உள்ளே போலி. காகிதம் டீசலில் ஊறிக் கூழாகியிருந்தது. அந்தச் சரக்கை மலிவு என்று வாங்கினது நான். உன்னைக் கேட்காமல் வாங்கினது நான். ஆறு வருஷமாக இது எனக்குத் தெரியும், ஸ்டீபன். எழுத உட்காருவேன். முதல் வரிக்கு மேல் போகாது. எல்லாரையும் அதட்டி வேலை வாங்கியே பழகின எனக்கு, தப்பு என் மேல் என்று சொல்கிற வார்த்தை எங்கிருந்து தொடங்கும் என்றே தெரியவில்லை.

என்னை மன்னித்துவிடு. அன்றைக்குச் செய்ததற்கும், இப்போது செய்ததற்கும்.

நேற்று டிரைவர்கள் எல்லாரும் இருக்கும்போது அந்தப் பில்டர் கதையை நானே சொன்னேன். அன்றைக்கு இருந்த பதினோரு பேரில் இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள். கேட்டதும் டேனியல் வெளியே போய்விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வந்தான்.

இனி ஒரு யோசனை. இதை உன் முதலாளிக்கு எழுதவில்லை. உன்னிடம் கேட்கிறேன். கட்கி யார்டில் குழி இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, டேனியலோடு மூன்று மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். குயில் கோச்சுக்கு மகாராஷ்டிரா சர்வீஸ் இடமாக அதை எடுத்துக்கொள்ளலாமா? ஸ்பேர் பார்ட் அனுப்பட்டும், வேலை கற்றுக்கொடுக்கட்டும். அந்த டாக்டர் வண்டி மாதிரி இந்தப் பக்கம் இருக்கிற எல்லா வண்டியும் பார்க்கலாம். இது சரிப்படும் என்றால் நீ சொல். வேண்டாம் என்றால் இந்தத் தாளைக் கிழித்துப் போடு, வேறு யாருக்கும் தெரியாது. உன் வேலை போயிருந்தால் அதையும் மறைக்காமல் எழுது.

அக்கா


கரூர்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை போகவில்லை. எட்டாவது நாள் சவரிமுத்து சார் வீட்டுக்கே வந்தார். ஷீலா காபி கொடுத்தாள். குடித்து முடித்தார். பிறகு, "அந்தம்மா எழுதினதுல எனக்குக் கோபம் இல்லப்பா. நாலு வருஷமா நீ என்கிட்ட இதைச் சொல்லலையேன்னுதான்" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். எனக்கு வாய் திறக்கிற வழக்கமே இல்லை.

பில்டர் விஷயமும் அப்படித்தான். அன்றைக்கு மலைப்பாதையிலேயே அறுத்துப் பார்த்துவிட்டேன். போலி என்று எனக்குத் தெரியும். யார்டில் நீ கத்தும்போது சொல்லியிருக்கலாம். டிரைவர்கள் முன்னால் உனக்கு அவமானம் வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. நீயாகக் கண்டுபிடித்து, நீயாக என்னைத் தேடி வர வேண்டும் என்கிற வீம்பும் இருந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் அடுத்த இரண்டு பஸ்களாவது நின்றிருக்காது. அதற்காக நீயும் என்னை மன்னித்துவிடு.

உன் யோசனையை நானே சாரிடம் சொன்னேன். யார்டின் போட்டோவைப் பார்த்தார், மூன்று நாள் யோசித்தார், சரி என்றார். புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்கிறார்கள். அகில இந்திய என்கிற வார்த்தை இல்லை. எந்த ஊரில் யார் வருவார்கள் என்று பெயரோடு போடுகிறார்கள். டேனியலை இரண்டு மாதம் இங்கே அனுப்பு. உன் வண்டியை அவன் கையும் சேர்ந்தே கட்டட்டும். பிறகு எது எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

மாமாவுக்காக ஒரு தனி அலமாரி வரைந்திருக்கிறேன். மருந்துப் பைகள் எப்போதும் உடம்புச் சூட்டில் இருக்கும். பை மாற்றுகிற மேஜைக்கு மேலே ஃபேன், ஏசி இரண்டையும் ஒன்றாக நிறுத்த ஒரே சுவிட்ச். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிற மாதிரி. மேடை ஸ்டீல்தான், மார்பிள் கிடையாது. எல்லாம் ஏற்றின பிறகும் அறுநூறு கிலோவுக்கு மேல் மிச்சம் இருக்கும்.

ஸ்டீபன்


விஷ்ராந்த்வாடி
12 ஜனவரி 2025

தம்பிக்கும் ஷீலாவுக்கும்,

வண்டி போன மாதம் பதினெட்டாம் தேதி வந்து சேர்ந்தது. டேனியல் கரூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு, கீழே இறங்காமல் எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தான். "ஸ்டீபன் அண்ணன் சொன்னாரு" என்று தொடங்காமல் அவனால் இப்போது ஒரு வாக்கியம் பேச முடிவதில்லை.

புது வருஷத்துக்கு மறுநாள் வாயி ஊருக்குக் கிளம்பினோம். மூன்று நாள் ஒத்திகை. கம்பாட்கி ஏறும்போது அமல்ராஜ், "இங்கதானே?" என்றார். "இங்கதான்" என்றேன்.

கிருஷ்ணா ஆற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். அவர் கையைக் கழுவினார், மாஸ்க் கட்டினார், சுவிட்சைத் தட்டினார், பையை மாற்றினார். வீட்டில் செய்வது மாதிரியே முப்பது நிமிஷம். பிறகு நாற்காலியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனவர் அடுத்த பைக்கு நேரமாகும்வரை எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்ன பார்க்குறீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல. தண்ணி போவுது" என்றார். அந்த முகத்தை நான் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இரண்டாம் நாள் காலை உன் அலமாரி ஆறிப்போய்க் கிடந்தது. டேனியலுக்குப் போன் போட்டேன். போனிலேயே ஒரு ஃப்யூஸைப் பார்க்கச் சொன்னான், நன்றாகத்தான் இருந்தது. இரண்டே கால் மணி நேரத்தில் பைக்கில் வந்து நின்றான். ஒயர் ஒன்று கழன்றிருந்தது. பத்து நிமிஷ வேலை. போலியாக வெற்றிச் செய்தி எதுவும் வரவில்லை, ஆள்தான் வந்தான். மதியப் பை நேரத்துக்குச் சூடாக இருந்தது. அந்த ஒயரை இனி எப்படி இறுக்க வேண்டும் என்று அவன் உனக்குத் தனியாக எழுதுகிறானாம்.

டாக்டர் ஒரு மாதத்துக்குச் சரி என்றுவிட்டார். இருபத்தேழாம் தேதி கிளம்புகிறோம். துங்கபத்ராவில் இரண்டு நாள். பிறகு நேராகக் கரூர். பிப்ரவரி மூன்றாம் தேதி மாலைக்குள் வந்துவிடுவோம். உன் வீட்டு வாசலில் வண்டி நிற்குமா?

அக்கா


கரூர்
20 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தெருவை டேப் வைத்து அளந்தேன். பதினோரு அடி அகலம், பாதி வழியில் ஒரு மின்கம்பம். வண்டி உள்ளே வந்துவிடும், ஆனால் திரும்ப முடியாது. தெருமுனையில் சர்ச் மைதானம் இருக்கிறது. ஃபாதரிடம் கேட்டுவிட்டேன். தரை கெட்டியாக இருக்கிறது, கரண்ட்டும் தண்ணீரும் உண்டு. அங்கே நிறுத்திக்கொள்ளலாம். மூன்றாம் தேதிக்கும் நாலாம் தேதிக்கும் லீவு போட்டிருக்கிறேன். மதியத்திலிருந்தே மைதானத்து வாசலில் நிற்பேன்.

சவரிமுத்து சார் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். கொஞ்சம் பயந்த மாதிரி தெரிகிறது.

ஷீலா எங்கள் முன்னறையைக் காலிசெய்துவிட்டாள். வெள்ளையடித்து, திரைச்சீலையைக் கழற்றி, தரையை மூன்று நாளாக மருந்து போட்டுத் துடைக்கிறாள். ஒரே ஒரு தடவையாவது மாமா எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பை மாற்ற வேண்டுமாம். முடியுமா என்று டாக்டரைக் கேட்டு எழுது. முடியாது என்றாலும் வருத்தமில்லை. சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.

இன்று காலை செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறையை எட்டிப் பார்த்தேன். "முதல்ல அவர் கால் வைக்கட்டும்" என்று என்னைத் துரத்திவிட்டாள்.

தம்பி
ஸ்டீபன்